இஸ்திரி பட்ட நூறு ரூபாய்

அந்த நோட்டை ஒரு நிமிஷம் இப்படிக் குடுங்க தம்பி. பயப்படாதீங்க, திருப்பித் தந்திருவேன். கண்டக்டரு இந்தப் பக்கம் வர இன்னும் நேரம் கெடக்கு. ம்... இல்ல, ஒண்ணுமில்ல. மூலையில நிறம் மாறிக் கெடக்கேன்னு பாத்தேன். மஞ்சப்பொடி. எவனோ பலசரக்குக் கடைக்காரன் கையில இருந்து வந்திருக்கு. பின்னால வந்த சேதம். இந்தாங்க, வச்சிக்கிடுங்க.

அப்படிப் பாக்காதீங்க. நான் இதே ரூட்டுல கண்டக்டரா இருந்தவன். பேரு ஆவுடையப்பன். திருநவேலியில இருந்து சங்கரன்கோவில் வரைக்கும் எந்த மேட்டுல வண்டி முனகும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நீங்க சங்கரன்கோவிலா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாலயே பனவடலிச்சத்திரத்துல இறங்கிருவேன். ஒரு கையெழுத்து வாங்கணும். வாங்குன கையோட, இந்த வண்டி சங்கரன்கோவில் போயித் திரும்புறதுக்குள்ள ரோட்டுக்கு வந்து நின்னுருவேன். அவ்வளவுதான் சோலி.

யாருகிட்டயா? எங்க வீட்டம்மாகிட்டதான். சிரிக்காதீங்க தம்பி. பொண்டாட்டிகிட்ட ஒரு கையெழுத்து வாங்க பஸ் ஏறிப் போற நெலமை எனக்கு வந்திருக்கு. சிரிப்பா இருக்கா உங்களுக்கு?

இதைப் பாருங்க. தொடாதீங்க. உறையோடயே பாருங்க. நூறு ரூபா. படத்துக்குக் குறுக்க, நீளவாக்குல ஒரு வெள்ளைக் கோடு ஓடுதா? காந்தி கண்ணாடிக்கு மேல, நெத்தியில? வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க. ஆங். இப்பத் தெரியுதா. இந்தக் கோடுதான் தம்பி என் சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கு.

இது என்ன கோடுன்னு கேளுங்க. அச்சடிக்கும்போது தாள்ல ஒரு சின்ன மடிப்பு விழுந்திரும். மடிப்பு மேலயே அச்சு விழும். அப்புறம் தாளைப் பிரிச்சா மடிப்புக்கு உள்ள இருந்த எடத்துல மை இருக்காது, வெள்ளையா நிக்கும். படம் ரெண்டா விலகி நிக்கும். நோட்டும் அகலத்துல ஒரு நூல் கூடுதலா இருக்கும். அது பிறவிக் கோளாறு. அச்சகத்துலயே பிறந்தது. அதுக்குத்தான் மதிப்பு. அதே மாதிரி, பையில வச்சு மடிச்சு மடிச்சுத் தேஞ்சாலும் வெள்ளைக் கோடு விழும். ஆனா படம் விலகாது, அளவும் கூடாது, மை மட்டும் உதிர்ந்திருக்கும். அது பின்னால வந்த சேதம். அதுக்கு டீக்கடையில டீ குடிக்கலாம், அவ்வளவுதான். பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். பிரிச்சுச் சொல்ல கண்ணு வேணும்.

எனக்கு அந்தக் கண்ணு உண்டு. எங்க ஊர்ல நோட்டு, நாணயம் சேக்குறவங்க சங்கம் இருக்கு. வருஷா வருஷம் கல்யாண மண்டபம் பிடிச்சு கண்காட்சி போடுவோம். எவன் என்ன நோட்டைக் கொண்டு வந்தாலும் முதல்ல என் மேசைக்குத்தான் வரும். ஓரம் கோணலா வெட்டுன நோட்டுன்னு ஒருத்தன் கொண்டாருவான். தம்பி, அச்சகத்துல கோணலா வெட்டியிருந்தா ஒரு பக்கம் குறைஞ்சது இன்னொரு பக்கம் கூடணும். ரெண்டு பக்கமும் குறைஞ்சா அது கத்திரிக்கோலு. நிறம் விட்டுப்போச்சுன்னு கொண்டாருவான். மோந்து பாப்பேன், ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். முகத்துக்கு நேரா சொல்லிருவேன். ஒரு பேக்கரிக்காரரு, ஜெபமணின்னு பேரு, ஒரு பக்கத்து நம்பர் அச்சாகாத நோட்டுன்னு ஆசையாக் கொண்டு வந்தாரு. "சட்டைப் பையில வச்சுத் துவைச்சிருக்கீரு, போயி பன்னு வியாபாரத்தப் பாரும்"னு மண்டபத்துல அத்தனை பேரு முன்னாலயும் சொன்னேன். அன்னையில இருந்து மனுஷன் ரொம்ப நாளு சங்கத்துப் பக்கமே வரல. அதுக்கு நான் என்ன செய்ய? உள்ளதச் சொல்லணும்லா.

விதி வேற கொண்டாந்தேன். தண்ணி பட்டது, சோப்பு பட்டது, இஸ்திரி பட்டது, எதுவும் மேசைக்கே வரக்கூடாது. ஏன்னா திருட்டுப் பயலுவ எல்லாரும் இஸ்திரிப் பெட்டியத்தான் பிடிப்பான். பழைய மடிப்ப அமுக்கி, புது மடிப்ப உண்டாக்கி, ஆளை ஏமாத்திருவான். இஸ்திரி பட்டுட்டா நோட்டோட மேடு பள்ளம் எல்லாம் செத்துப்போகும். எதுவும் படிக்க முடியாது. கையைத் தூக்கி எல்லாரும் ஒத்துக்கிட்ட விதி.

மானூர் வந்திருச்சு. இந்த ஸ்டாப்புலதான் தம்பி, இந்த நோட்டு எங்கிட்ட வந்துச்சு. ரிட்டயர்டு ஆகுறதுக்குக் கொஞ்சம் முந்தி. சரியான கூட்டம். எவன் குடுத்தான்னு தெரியாது. அந்தா, அந்தக் கண்டக்டர் பையன் கையைப் பாருங்க. நோட்டை நீளவாக்குல மடிச்சு விரலிடுக்குல சொருகியிருக்கான் பாருங்க. பத்து ஒரு விரல்ல, இருபது ஒரு விரல்ல, நூறு ஒரு விரல்ல. எங்க எல்லாருக்கும் கை அப்படித்தான் போகும். வீட்ல மளிகைச் சீட்டக் குடுத்தாக்கூட நீளவாக்குலதான் மடிப்பேன். இந்த நோட்டும் சங்கரன்கோவில் போற வரைக்கும் என் விரலிடுக்குலதான் இருந்துச்சு. அங்க போயி கணக்குப் பாக்க விரிக்கும்போதுதான் கோடு கண்ணுல பட்டுச்சு. என் சொந்த நூறு ரூபாய வசூல் பையில போட்டுட்டு இதை எடுத்துக்கிட்டேன்.

என்ன கேட்டீங்க? மடிக்கிறதுக்கு முன்னாடி கோடு இருந்துச்சான்னா? இருந்திருக்கணும்லா. நான் ஒருக்கா மடிச்சதுலயா கோடு விழுந்திரும்? நீங்களும் எங்க சங்கத்து தேவசகாயம் சார் மாதிரியே கேக்குறீங்க. அளவு கூடுதலா இருக்கு தம்பி. நான் ஸ்கேல் வச்சுப் பாத்தேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். ஒரு நூல் இல்லாட்டியும் முக்கால் நூல் கூடுது.

யாருக்கும் காட்டல. சங்கத்துல காட்டுனா கண்ணு வைப்பானுவ. பிளாஸ்டிக் உறையில போட்டு பீரோவுல வச்சிருந்தேன். இந்த வருஷக் கண்காட்சியில கண்ணாடிப் பெட்டியில வைக்கணும், கீழ அட்டையில "உதவி: ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற நடத்துநர்"னு போடணும். வேற ஒண்ணும் வேண்டாம். விலைக்கா அலையுதேன்? எத்தனை வருஷம் அடுத்தவன் நோட்டைப் பாத்துச் சொல்லியிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு அந்தப் பெட்டியில இருக்கக்கூடாதா?

கண்காட்சிக்கு முந்துன நாளு பீரோவுல இருந்து எடுத்து மேசையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். வடிவு, எங்க வீட்டம்மா பேரு சண்முகவடிவு, எட்டிப் பாத்தா. "என்னதுங்க அது?"ன்னா. "உனக்குப் புரியாது, போ"ன்னேன். போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான். ஒரு சொல்லுக்கு மேல பேச மாட்டா. பிறவிக் குணம். அவ அண்ணன் சொல்லுவாரு, "எந்தங்கச்சி மாதிரி வாயாடி இந்த ஊர்லயே கெடையாது, கெணத்துக்குப் போனா ஊரையே கூட்டிருவா"ன்னு. நான் நம்புனதில்ல. கல்யாணமான புதுசுல என்னமோ கேப்பா, உண்மைதான். நான் கடைசி ட்ரிப்பு முடிச்சு வருவேன். இன்னைக்கு யாரு ஏறுனா, எவன் சில்லறைக்குச் சண்டை போட்டான், மானூர்ல பூ விக்கிற அக்கா வந்துச்சான்னு கேப்பா. நாள் பூரா கத்துன தொண்டை, வீட்லயும் வந்து கத்தணுமா? "செத்த சும்மா இரி"ன்னுருவேன். அப்புறம் அவளே கேக்குறத விட்டுட்டா. சிலரு குணம் அப்படி. அதுல ஒண்ணும் செய்ய முடியாது.

மறுநாள் காலையில கிளம்புதேன். சட்டையைத் தேச்சு வச்சிருந்தா. வேட்டியைத் தேச்சு வச்சிருந்தா. எலுமிச்சங்காச் சோறு கட்டி வச்சிருந்தா. நோட்டு உறையைப் பையில எடுத்து வச்சிருந்தா. நானும் நல்லதாப் போச்சுன்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். பிரிச்சுப் பாக்கல. அதுதான் நான் செஞ்ச முட்டாத்தனம்.

மண்டபத்துல எல்லாரும் இருக்காங்க. தேவசகாயம் சார்தான் சங்கத் தலைவரு, காலேஜ்ல பாடம் எடுத்தவரு, நிதானமான மனுஷன். நான் எல்லாரையும் கூப்பிட்டேன். "இன்னைக்கு ஒண்ணு காட்டுதேன், வாங்க"ன்னு. உறையில இருந்து இடுக்கியால எடுத்தேன். தம்பி, கல்யாணப் பத்திரிகை மாதிரி விறைச்சுக்கிட்டு வருது நோட்டு. ஒரு சுருக்கம் இல்ல. ஓரத்துல லேசா பழுப்பு ஏறியிருக்கு. என் சட்டைக் காலர் எப்படி இருந்துச்சோ அப்படி இருந்துச்சு நோட்டு.

தேவசகாயம் சார் விரலால தடவிப் பாத்தாரு. லென்ஸ் வச்சுப் பாத்தாரு. என்னை நிமிந்து பாத்தாரு. "ஆவுடையப்பன், இது இஸ்திரி பட்டிருக்கே"ன்னாரு.

"சார், கோட்டைப் பாருங்க. படம் விலகியிருக்கு பாருங்க"ன்னேன்.

"தண்ணி தெளிச்சுச் சூடு வச்சா தாளு இழுபடும். நூல் அளவு வித்தியாசத்த வச்சு நான் என்ன சொல்ல? மேடு எல்லாம் அமுங்கிப்போச்சு. கோடு நீளவாக்குல வேற இருக்கு." லென்ஸைக் கீழ வச்சாரு. "நீங்க கண்டக்டரு"ன்னாரு.

அந்த ஒரு வார்த்தை தம்பி. நீங்க கண்டக்டரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். பொம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க, எல்லாரும் என் விரலையே பாக்காங்க. கையை எங்க கொண்டு வைக்கன்னு தெரியல. அந்த ஜெபமணி வந்திருந்தாரு பாத்துக்கிடுங்க, பேக்கரிக்காரரு. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து, "அண்ணாச்சி, நீங்க சொன்னா நான் நம்புதேன்"னாரு. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிப்போச்சு. அவரு நம்பி எனக்கு என்ன ஆகணும்? அவருக்கு என்ன தெரியும்?

"விதி நீங்க போட்டதுதான்"னு தேவசகாயம் சார் சொன்னாரு. விதி சரிதான் தம்பி, நான் இல்லைங்கல. ஆனா விதி எதுக்கு? ஏமாத்துறவனுக்கு. நான் ஏமாத்துறவனா?

வீட்டுக்கு வந்தேன். "நோட்டை என்ன செஞ்ச?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. "பெரிய மனுஷங்க முன்னால வைக்கப் போறீங்க. கசங்கிப்போயிக் கெடந்துச்சு. கருகிரக் கூடாதுன்னு கைக்குட்டைய மேல போட்டு, தண்ணி தெளிச்சு, பதமா தேச்சு வச்சேன். நல்லா இருந்துச்சா? என்ன சொன்னாங்க?"

என்ன சொன்னாங்கன்னு கேக்குதா.

நான் ஒரு வார்த்தை திட்டல தம்பி. இதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. வேற எவனா இருந்தாலும் வீட்ட ரெண்டாக்கியிருப்பான். நான் கையும் ஓங்கல, வாயும் திறக்கல. பேசல, அவ்வளவுதான். அன்னையில இருந்து பேசல. அவ போட்ட சோத்தத் தொடல, முக்குக்கடையில தின்னுக்கிட்டேன். அவ வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போயிருவேன். பொறுமைன்னா அது பொறுமை. எங்க மகளைக் கட்டிக்குடுத்தாச்சு, வீட்ல நாங்க ரெண்டு பேருதான். அவளும் என்னத்தையோ சொல்ல வருவா. நான் லென்ஸ எடுத்து வச்சிக்கிட்டு நோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு நாளு, "எங்க அண்ணன் ஊர்ல கோயில் கொடை, போயிட்டு வாரேன்"ன்னா. நான் தலையாட்டல. போயிட்டா. கொடை முடிஞ்சு பந்தலைப் பிரிச்சு, கொட்டுக்காரன் ஊரு போயிச் சேர்ந்தாச்சு. இவ வரல. வரலைன்னா போ. நான் கூப்பிடல.

தேவர்குளமா? ஆமா, தேவர்குளம்தான். இனி ரொம்ப நேரம் இல்ல. உங்ககிட்ட பேனா இருக்கா தம்பி? நல்ல மை உள்ள பேனாவா? இறங்கும்போது குடுங்க, அடுத்த வண்டியில வந்து... சேச்சே, அது எப்படி, நீங்க போயிருவீங்கள்லா. சரி, விலைக்கே குடுத்திருங்க. நான் அவசரத்துல எடுக்காம வந்துட்டேன். அவ அண்ணன் வீட்ல பேனா இருக்காது, இருந்தாலும் எழுதாது.

விஷயத்தைச் சொல்லுதேன். போன வாரம் தேவசகாயம் சார் எனக்குப் போன் போட்டாரு. அவருக்கும் மனசு கேக்கல போல. "ஆவுடையப்பன், இஸ்திரி படுறதுக்கு முன்னால அந்த நோட்டைப் பாத்தவங்க யாராவது உண்டா? கோடு முன்னாலயே இருந்துச்சுன்னு ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா, கமிட்டியில வச்சுப் பேசுதேன்"னாரு. யாரு பாத்தா? எவனுக்கும் நான்தான் காட்டலையே. ஊர் உலகத்துல அந்த நோட்டைப் பாத்தது ரெண்டே பேரு. நான் ஒண்ணு, அவ ஒண்ணு.

வேற வழியில்லாம போன் போட்டேன். நானா வலியப் போயி. எடுத்ததும் "சாப்பிட்டீங்களா?"ன்னா. நான் நோட்டு விஷயமாக் கூப்பிட்டிருக்கேன், சோத்து விஷயம் எதுக்கு? "தேய்க்கிறதுக்கு முன்னால அதுல கோடு இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு"ன்னேன். "நான் சுருக்கத்தத்தாங்க பாத்தேன்"ன்னா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. கண்ணு முன்னால கெடக்குற கோடு தெரியாதாம், சுருக்கம் மட்டும் தெரியுமாம். போன வச்சிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவளே, "என்ன எழுதணுமோ எழுதித் தாரேன், நீங்க வாங்க"ன்னா. "எந்த வண்டில வருவீங்க?"ன்னா. சொன்னேன். வண்டி நேரம் இவளுக்கு எதுக்கு? வீட்லதான இருக்கப் போறா.

நானே எழுதிக் கொண்டாந்துட்டேன். அவ எழுதுனா நாலு தப்பு இருக்கும். படிக்கேன், கேளுங்க. "ஆவுடையப்பன் மனைவி சண்முகவடிவு ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. மேற்படி நூறு ரூபாய்த் தாளில் வெள்ளைக் கோடு முன்பே இருந்ததை என் கண்ணால் கண்டேன். எனது அறியாமையால் அதனை இஸ்திரி போட்டுவிட்டேன். இதில் என் கணவர் மீது எந்தத் தவறும் இல்லை." எப்படி இருக்கு? கடைசி வரி நான் யோசிச்சுப் போட்டது. கீழ புள்ளி போட்டு வச்சிருக்கேன், அங்க கையெழுத்துப் போட்டாப் போதும். வீட்டுக்குள்ள போகணும்னுகூட இல்ல. வாசல்ல நின்னு வாங்கிட்டு வந்திருவேன். அவ அண்ணன் காப்பி குடிங்கன்னுவாரு, அதுக்கெல்லாம் நேரமில்ல.

அப்புறமா? அப்புறம் என்ன? நோட்டு பெட்டிக்குப் போகும். அவ வாரது போறது அவ இஷ்டம். அதை எதுக்கு இதுல சேக்குறீங்க? நீங்க கல்யாணம் ஆகாத ஆளு போல. ஆயிருச்சா? அப்ப உங்களுக்கே தெரியும்.

எந்திரிக்கணும். பனவடலி வந்திருச்சு. அந்தா தெரியுது பாருங்க, அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல ஸ்டாப்பு. அங்க இருந்து தெருவுக்குள்ள...

இங்க நிக்கா.

தம்பி, இங்க பாருங்க. அந்தப் பச்சைச் சேலை. அதுதான் அவ. வெளியூர் போறதுன்னாத்தான் அந்தச் சேலையக் கட்டுவா. கால்கிட்ட பையி. ஒண்ணு இல்ல, ரெண்டு பையி. ஒண்ணுல இருந்து முருங்கைக்காய் நீட்டிக்கிட்டு நிக்கு. அவ அண்ணன் தோட்டத்து முருங்கைக்காய் எனக்குப் பிடிக்கும். கையெழுத்துப் போட பை எதுக்கு தம்பி? நான் தெளிவாத்தான சொன்னேன், போன்ல. ஒரு கையெழுத்துதான்னு சொன்னேன்லா? வெயில்ல எவ்வளவு நேரமா நிக்காளோ. முகமெல்லாம் வேர்த்து வழியுது. ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கிட்டே வாரா. என்னைப் பாத்துட்டா, சிரிக்கா.

இல்ல, பேனா வேண்டாம். நீங்களே வச்சிக்கிடுங்க. பெறகு பாத்துக்கிடலாம்.

கண்டக்டரே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, விசில் குடுத்துராதீங்க. அவ ரெண்டு பையையும் ஒத்தையாத் தூக்குதா பாருங்க. அந்தக் கையில சுளுக்கு உண்டு அவளுக்கு. நான் இறங்கி வாங்கணும். இந்த உறையை வேற பிடிச்சிக்கிட்டு எப்படி வாங்க? எளவு, பிளாஸ்டிக் உறை பையிலயும் நுழைய மாட்டேங்குது. உறை கெடக்கட்டும், நோட்டை மட்டும் சட்டைப் பையில வச்சிருதேன்.

என்ன தம்பி? ஆமா, மடிச்சிட்டேன். நீளவாக்குலதான் மடிச்சேன், கை அப்படித்தான் போகுது. காலை எடுங்க, இறங்கணும்.